பந்தல் பிரித்த பிறகு வருகிறவர்கள்

முதல் பதினாறு நாளை ஊர் பார்த்துக்கொள்கிறது. பந்தல் போட ஆள் வருகிறது, நாற்காலி வருகிறது, பக்கத்து வீட்டிலிருந்து காபி வருகிறது, சம்பந்தி வீட்டிலிருந்து சாப்பாடு வருகிறது. பால் தெளிப்பு எப்போது, கருமாதிக்கு யாருக்கு என்ன முறை என்று சொல்ல நாலு பெரியவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு உறவும் வந்து இறங்கும்போது கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை அழுகிறோம். அப்புறம் பந்தலைப் பிரித்து வண்டியில் ஏற்றுகிறார்கள். சாவு வீட்டில் ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது நம் வழக்கம். ஆகவே ஒவ்வொருவராகச் சொல்லாமலே பஸ் ஏறிப் போய்விடுகிறார்கள். துணையை இழந்தவருக்குத் துக்கம் அதற்கு மறுநாள் காலையில்தான் ஆரம்பிக்கிறது.

என் கணவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் திருச்சியில் ஓர் உதவி பெறும் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தேன். அவர் எப்படிப் போனார் என்பதை நான் எழுதப் போவதில்லை. அவர் போன பிறகு நான் எப்படி எழுந்து உட்கார்ந்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன். எங்கள் வயதுக்காரர்கள் வீட்டில் வரிசையாக இது நடந்துகொண்டிருக்கிறது. போன வருடம் ஜோடியாகக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் இந்த வருடம் தனியாக வருகிறார்கள். எங்கே உட்காருவது என்று தெரியாமல் மண்டப வாசலிலேயே நிற்கிறார்கள். அவர்களுக்காகவும், அவர்கள் பக்கத்தில் போய் உட்கார வேண்டியவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

துக்கத்தை மனசு சம்பந்தப்பட்டது என்று மட்டும் நினைத்துவிடுகிறோம். தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ரேஹ் என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1967-இல் ஒரு பட்டியல் போட்டார்கள். வாழ்க்கையில் வரும் 43 மாற்றங்களில் எது மனிதனை எவ்வளவு உலுக்குகிறது என்று மதிப்பெண் கொடுத்தார்கள். விவாகரத்துக்கு 73, சிறைவாசத்துக்கு 63. வாழ்க்கைத் துணையின் மரணத்துக்குத்தான் முதலிடம், முழுசாக 100. அதற்கு இரண்டு வருடம் கழித்து, பிரிட்டனில் காலின் மர்ரே பார்க்ஸும் அவருடைய சகாக்களும் மனைவியை இழந்த 4,486 ஆண்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். எல்லோரும் 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். மனைவி போன முதல் ஆறு மாதத்தில் அவர்களுடைய சாவு, அதே வயதுள்ள மணமான ஆண்களைவிட 40 சதவீதம் அதிகம். பெரும்பாலும் இதய நோய். அந்த ஆய்வுக் கட்டுரைக்கு அவர்கள் வைத்த தலைப்பே ‘உடைந்த இதயம்’ என்பதுதான்.

ஆகவே ‘மனசைத் தேத்திக்கோ’ என்று சொல்லிவிட்டுப் போவது போதாது. நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் போய்விடுகிறது, சோற்றைப் பார்த்தாலே குமட்டுகிறது, மாத்திரை போட்டோமா இல்லையா என்று மறந்துவிடுகிறது. பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

எனக்கு அந்த ஆள் எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சர். பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதே இல்லை. அவருக்கு நான் தமிழ் டீச்சர், எனக்கு அவர் கணக்கு டீச்சர். அவர் வீட்டுக்காரர் பல வருடம் முன்பே தவறிவிட்டார். உறவுகள் எல்லாம் கிளம்பிப் போன வாரத்தில் ஒரு நாள், கையில் ஒரு பெரிய கட்டு முருங்கைக்கீரையோடு வந்தார். ‘எங்க வீட்டு மரத்துல ஒடிச்சேன் டீச்சர், தனியா உருவ முடியல, ஒரு கை கொடுங்க’ என்றார். தரையில் பேப்பரை விரித்து எதிரெதிரே உட்கார்ந்தோம். காம்பிலிருந்து இலையை உருவி உருவிப் போட்டுக்கொண்டிருந்தோம். அவர் ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை. கீரைக்கட்டில் பாதி முடிந்தபோது நான் அழ ஆரம்பித்தேன். அவர் உருவுவதை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ‘ராத்திரி எந்த நேரம்னாலும் ஃபோன் பண்ணுங்க. நீங்க ஒண்ணும் பேச வேணாம். நான் எடுத்து ம்-னு சொல்றேன், அது போதும்’ என்றார். அப்படியே செய்தார். எத்தனையோ ராத்திரி அந்த ‘ம்’ கேட்டபிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

மற்றவர்களும் நல்லெண்ணத்தோடுதான் பேசினார்கள். ‘கொடுத்து வச்சவரு, படுக்கையில விழாம போயிட்டாரு’ என்று எத்தனை பேர் சொன்னார்கள்! அவரைப் பொறுத்தவரை அது நிஜமாகவே இருக்கலாம். எனக்கு அவர் படுக்கையில் கிடந்தாவது இருந்திருக்க வேண்டும். இதைச் சொல்ல முடியாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

உறவுக்காரப் பையன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ‘துக்கத்தின் ஐந்து நிலைகள்’ என்று அனுப்பியிருந்தான். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று படிக்கட்டு மாதிரி படம் போட்டிருந்தது. நான் எந்தப் படியில் நிற்கிறேன் என்று தேடித் தேடிக் குழம்பினேன். பிறகுதான் வாசித்துத் தெரிந்துகொண்டேன். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் இந்த நிலைகளைச் சொல்லும் புத்தகத்தை எழுதியது சாவை எதிர்பார்த்துப் படுத்திருந்த நோயாளிகளோடு பேசி. துணையைப் பறிகொடுத்துவிட்டு அடுப்படியில் நிற்கிறவளை வைத்து எழுதியது இல்லை. என்னிடம் படிக்கட்டு எதுவும் இருக்கவில்லை. காலையில் ஏற்றுக்கொண்டது சாயங்காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

எனக்குப் பொருந்தியது இன்னொன்று. மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷுட் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1999-இல் எழுதியது. துக்கப்படுகிறவர் இரண்டு பக்கமும் போய்ப் போய் வருகிறார் என்கிறார்கள். ஒரு பக்கம் இழந்தவரையே நினைத்து அழுவது. இன்னொரு பக்கம் கேஸ் புக் பண்ணுவது, பென்ஷன் பேப்பரில் கையெழுத்துப் போடுவது, புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வது. இரண்டும் வேண்டும். எப்போதும் அழுதுகொண்டே இருந்தாலும் ஆள் தாங்காது, அழவே விடாவிட்டாலும் தாங்காது. எனக்கு இந்த இரண்டு பக்கத்துக்கும் கூட்டிக்கொண்டு போனது பாட்டுதான். கூட வந்தது சிநேகிதம்.

பாட்டும் தோழமையும் துக்கத்துக்கு மருந்து என்பதை வெளிநாட்டுப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நம் ஒப்பாரி வேறு என்ன? என் அம்மா ஊர் லால்குடி பக்கம். சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, தலையோடு தலை முட்டி அழுவார்கள். ஒருத்தி ராகம் எடுத்து அடி சொல்வாள், மற்றவர்கள் கடைசி இழுப்பில் சேர்ந்துகொள்வார்கள். அழ வந்தவள் தன் வீட்டில் என்றைக்கோ போனவர்களையும் சேர்த்தே அழுவாள், அதை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நெஞ்சில் கிடப்பது ஒரு அடியாக, ஒரு மூச்சாக வெளியே வரும். அழுகைக்கு ஒரு ராகம், பிடித்துக்கொள்ள ஒரு தோள்.

என் வீட்டில் அது நடக்கவில்லை. ஃப்ரீசர் பாக்ஸ் வைத்தார்கள், ஸ்பீக்கரில் சிவபுராணம் ஓடிக்கொண்டிருந்தது. கிராமத்திலிருந்து வந்த கிழவி ஒருவர் மட்டும் தலையில் கை வைத்து ராகம் எடுத்தார். ‘அக்கம்பக்கம் பாக்குது, சும்மா இருங்க’ என்று உறவுக்காரர்களே அடக்கிவிட்டார்கள். அந்தக் கிழவியைப் பாட விட்டிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நகரத்துக்கு வந்து நாம் விட்டுவிட்டவற்றில் இது பெரிய இழப்பு.

என் கணவருக்குப் பாட்டு என்றால் உயிர். திருச்சி வானொலி 1939-இல் ஆரம்பித்தது. அதையும் இலங்கை வானொலியையும் கேட்டு வளர்ந்த தலைமுறை. கல்யாணமான புதிதில் ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன் வாங்கினார். அந்த நாளில் மெயின்கார்டு கேட் பக்கம் கேசட்டில் பாட்டுப் பதிந்து தரும் கடைகள் இருந்தன. வேண்டிய பாட்டை எல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதி, காலி கேசட்டோடு கொடுத்துவிட்டு வர வேண்டும். அவர் அந்தப் பட்டியலை எழுத ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எடுத்துக்கொள்வார். எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டு வந்தால் நன்றாக இருக்கும் என்று அடித்து அடித்து எழுதுவார். பி.பி.ஸ்ரீனிவாசுக்கு அடுத்து ஜெயச்சந்திரனா, எஸ்.பி.பி.யா என்பது வீட்டில் பெரிய விவாதமாக இருக்கும். 2020 செப்டம்பர் 25-இல் எஸ்.பி.பி. போனபோது ரேடியோவை விட்டு நகரவே இல்லை, சாப்பாட்டையும் அங்கேயே கொண்டுவரச் சொன்னார்.

அவர் போனபிறகு அந்தக் கேசட் பெட்டியை நான் தொடவில்லை. மளிகைக்கடையில் அவர் பாட்டு ஏதாவது கேட்டால் பாதிச் சாமானை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். பாட்டுக்கு ஒரு குணம் உண்டு. புகைப்படத்தைத் திருப்பி வைத்துவிடலாம், சட்டையைப் பீரோவில் பூட்டிவிடலாம். பாட்டு எதிரே வருவதற்கு முன்னால் சொல்லிவிட்டு வருவதில்லை.

அவரோடு பணிமனையில் வேலை பார்த்த தம்பி ஒருவர் உண்டு. என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாள் ஸ்க்ரூ டிரைவர், ஸ்பிரிட் பாட்டில், பஞ்சு எல்லாம் பையில் போட்டுக்கொண்டு வந்தார். ‘அண்ணன் செட்டு சும்மா கெடந்தா கெட்டுப் போயிடும் அண்ணி, பாத்து வச்சிட்டுப் போறேன்’ என்றார். மூடியைக் கழற்றினால் உள்ளே இருந்த ரப்பர் பெல்ட் இளகிக் கறுப்புப் பிசினாகப் புல்லியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பஞ்சால் துடைத்துத் துடைத்து எடுக்கவே வெகுநேரம் பிடித்தது. புது பெல்ட் மாட்டினார், ஹெட்டைத் துடைத்தார். பெட்டியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து, தொளதொளவென்று இருந்த நாடாவைப் பென்சில் விட்டுச் சுற்றி இறுக்கினார். கணக்கு டீச்சரும் அன்றைக்கு இருந்தார். ‘போடவா அண்ணி?’ என்று கேட்டுவிட்டு, நான் சரி என்று சொல்லும்வரை பட்டனில் விரலை வைத்தபடியே காத்திருந்தார்.

முதல் பாட்டில் எனக்குக் கை நடுங்கியது. இரண்டாவதில் கண்ணீர் கொட்டியது. மூன்றாவது வரும்போது அதற்கு முந்திய இடைவெளி எவ்வளவு நேரம் என்பதுகூட எனக்கு ஞாபகம் இருந்தது. அந்தப் பக்கத்துக் கடைசிப் பாட்டு எப்போதும் பாதியில் நிற்கும். நாடா தீர்ந்துபோய்க் கடைக்காரர் இரண்டாம் சரணத்தின் நடுவில் விட்டிருந்தார். அது நிற்கிற இடம் வந்ததும் என் கணவர் எங்கே இருந்தாலும், குளியலறையில் இருந்தால்கூட, விட்ட இடத்திலிருந்து பாடி முடிப்பார். அன்றைக்கும் அதே இடத்தில் ‘டக்’கென்று பட்டன் மேலே வந்தது. யாரும் பேசவில்லை. பிறகு தம்பி தரையைப் பார்த்தபடி, சுருதியும் இல்லாமல் தாளமும் இல்லாமல், அடுத்த அடியைப் பாட ஆரம்பித்தார். பணிமனையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் பாடிப் பாடி அவருக்கும் மனப்பாடமாம். கணக்கு டீச்சர் சேர்ந்துகொண்டார். கடைசிப் பல்லவியில் நானும் சேர்ந்தேன். அவர் போனபிறகு என் தொண்டையிலிருந்து பாட்டு என்று ஒன்று வந்தது அன்றைக்குத்தான்.

தனியாகக் கேட்டிருந்தால் அந்தப் பாட்டு என்னைக் கொன்றிருக்கும். மூன்று பேராகக் கேட்டபோது அது அவரைப் பற்றிய பேச்சாக இருந்தது.

பாட்டு எல்லோருக்கும் உடனே ஆறுதல் தரும் என்று நான் சொல்ல வரவில்லை. எம்.எஸ்.சுப்புலட்சுமியைவிடப் பாட்டு அறிந்தவர் யார்? 1997 நவம்பரில் கணவர் சதாசிவம் மறைந்தபிறகு அவர் மேடையில் பாடுவதை நிறுத்திக்கொண்டார். 2004 டிசம்பரில் தான் மறையும்வரை கச்சேரி மேடை ஏறவில்லை. அவருடைய பாட்டு வாழ்க்கை முழுவதும் அந்த மனிதரைச் சுற்றியே அமைந்தது. அவர் போனதும் மேடையும் போயிற்று. ஜெர்மனியில் கிளாரா ஷூமன் வேறு மாதிரி. கணவர் ராபர்ட் ஷூமன் பெரிய இசையமைப்பாளர், மனநோய் முற்றி 1854-இல் காப்பகத்தில் சேர்க்கப்பட்டு 1856-இல் அங்கேயே இறந்தார். கிளாராவுக்கு அப்போது 36 வயது, ஏழு பிள்ளைகள். இளம் இசையமைப்பாளர் பிராம்ஸ் அந்த வீட்டுக்கே வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார், வீட்டு வரவு செலவுக் கணக்குகூட எழுதினார். வயலின் மேதை யோவாகிம் கிளாராவோடு கச்சேரிகளில் வாசித்தார். கிளாரா ஊர் ஊராகப் போய்ப் பியானோ வாசித்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். 1891 வரை மேடையில் வாசித்தார். பிராம்ஸுடைய நட்பு 1896-இல் கிளாரா கண்மூடும்வரை நீடித்தது, அடுத்த வருடமே அவரும் போய்ச் சேர்ந்தார்.

ஒருவர் நிறுத்தினார், ஒருவர் தொடர்ந்தார். இதில் யார் செய்தது சரி என்று சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது. ‘இன்னுமா பாட்டுக் கேக்காம இருக்கே?’ என்றும் கேட்கக் கூடாது, ‘அதுக்குள்ள பாட்டா?’ என்றும் கேட்கக் கூடாது.

அந்த இரண்டாவது கேள்வியின் இன்னொரு வடிவத்தை நான் சந்தித்தேன். எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் வாரம் ஒருநாள் திருப்புகழ் பாடுகிற பெண்கள் கூட்டம் ஒன்று உண்டு. வயலூர் எங்களுக்குப் பக்கம். அருணகிரிநாதருக்குத் திருப்புகழ் பாட அருள் கிடைத்த தலம் என்று சொல்லப்படுகிற ஊர். அதனால் இந்தப் பக்கம் திருப்புகழுக்கு மதிப்பு அதிகம். கணக்கு டீச்சர்தான் வலுக்கட்டாயமாகக் கூட்டிக்கொண்டு போனார். திருப்புகழை வகுப்பில் பல வருடம் நடத்தியிருக்கிறேன். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வ.த.சுப்பிரமணிய பிள்ளை ஏடு ஏடாகத் தேடி அச்சேற்றியதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். பாடியதில்லை. பாட உட்கார்ந்தால்தான் அந்தச் சந்தத்தின் பலம் தெரிகிறது. நாக்கு புரள வேண்டும், கை தாளம் தப்பக் கூடாது, மூச்சை எங்கே எடுப்பது என்று பார்த்து எடுக்க வேண்டும். மனசு ஒரு நொடி வீட்டுக்குப் போனால் அடி இடறிவிடும். ஆகவே அந்த ஒரு மணி நேரம் மனசு வீட்டுக்குப் போகவில்லை. மாதக்கணக்கில் அழுது அழுது மேல்மூச்சாகவே விட்டுக்கொண்டிருந்த எனக்கு, அடிவயிற்றிலிருந்து மூச்சு வந்தது. இது என் கணவருடைய பாட்டு இல்லை. என்னுடைய பாட்டு. அதுவும் எனக்கு அப்போது வேண்டியிருந்தது.

முதல் நாள் பாடி முடித்ததும் தாம்பூலத் தட்டு வந்தது. மஞ்சள், குங்குமம், வெற்றிலைபாக்கு, முழம் முழமாகக் கிள்ளி வைத்த மல்லிகை. வரிசையில் எனக்கு முந்தியவர் வரை வந்தது. யாரோ பின்னால், ‘அவங்களுக்கு…’ என்று இழுத்தார்கள். நான் எழுந்து போய்விடலாம் என்று புடவையைச் சரிசெய்தேன். குழுவை நடத்துகிற மூத்த அம்மா, எண்பதை நெருங்குகிறவர், தட்டை வாங்கித் தானே என்னிடம் நீட்டினார். ‘எடுத்துக்கோம்மா. பாடினவங்க எல்லாருக்கும் உண்டு’ என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் அதற்குப்பிறகு யாரும் இழுக்கவில்லை. ஒரு பெரியவர் ஒரு தடவை தட்டை நீட்டினால் போதும். ஒரு தெருவின் வழக்கம் மாறிவிடுகிறது. இதைச் செய்யக்கூடிய நிலையில் இருக்கிற ஒவ்வொரு அம்மாவையும் கேட்டுக்கொள்கிறேன், செய்யுங்கள்.

ஆண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. புறநானூற்றில் 245-ஆம் பாட்டும் 246-ஆம் பாட்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. 246-இல் பூதப்பாண்டியன் மனைவி கணவன் சிதையில் ஏறுகிறாள். அதைத்தான் எல்லோரும் பேசுவார்கள். 245 சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை பாடியது. மனைவியைத் தீயில் இட்ட பிறகும் நான் உயிரோடு இருக்கிறேனே, இது என்ன இயல்பு என்று ஒரு மன்னன் கேட்கிறான். சிதையில் ஏறுவதைவிட மறுநாள் எழுந்து நிற்பது கஷ்டம் என்பது அந்த மன்னனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு இப்போது அந்தப் பாட்டுத்தான் நெருக்கமாக இருக்கிறது.

மனைவியை இழந்த ஆண்கள் பெண்களைவிடத் தனியாகிவிடுகிறார்கள் என்பது நான் கண்ணால் பார்ப்பது. பெண்களுக்குக் கோலம் போடுகிற இடத்தில் ஒருத்தி, தண்ணீர் பிடிக்கிற இடத்தில் ஒருத்தி இருக்கிறாள். ஆண்களுக்கு உறவும் அக்கம்பக்கமும் மனைவி வழியாக வந்தவை. அவள் போனதும் எல்லாம் போய்விடுகிறது. தம்பி இப்போது பொன்மலை மைதானத்தில் காலையில் நடக்க வருகிற அப்படிப்பட்டவர்களைப் பிடித்து டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். கூட்டத்தில் ஒருவர் தினம் ஒரு பாட்டைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் படம், பாடியவர், இசையமைத்தவர் யார் என்று சொல்ல வேண்டும். ஒருவர் மனைவி போனபிறகு பேசுவதையே விட்டிருந்தாராம். யாரோ டி.எம்.எஸ். பாடியதைச் சீர்காழி என்று சொல்லப்போக, பொறுக்க முடியாமல் வாயைத் திறந்துவிட்டாராம். அன்றையிலிருந்து வருகிறார்.

பாட்டாலும் சிநேகிதத்தாலும் தாங்க முடியாத நிலையும் உண்டு. தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, நானும் போய்விடலாம் என்ற நினைப்பே ஓடுகிறது என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம், காசு கிடையாது. கணக்கு டீச்சர் இந்த எண்ணை என் ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறார்.

உங்களைக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். உங்களுக்குத் தெரிந்த யாராவது துணையை இழந்திருந்தால், மூன்றாம் மாதம் அந்த வீட்டுக்குப் போங்கள். ‘ஏதாவது வேணும்னா சொல்லுங்க’ என்று சொல்லாதீர்கள், அவர்கள் சொல்ல மாட்டார்கள். கையில் ஒரு வேலையை எடுத்துக்கொண்டு போங்கள். பேச ஒன்றும் இல்லை என்றால், போனவருக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும் என்று கேளுங்கள். ஃபோனில் போட்டு, முழுப் பாட்டும் முடியும்வரை கூட உட்கார்ந்து கேளுங்கள். கிளம்பும்போது அடுத்து என்றைக்கு வருவீர்கள் என்று கிழமை சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், அந்தக் கிழமைக்குத் தவறாமல் போய்விடுங்கள்.